ஒத்தை ஸ்பீக்கர்

“ஜோடி எங்கீங்க?” என்று ரெஜினா இரண்டாம் தடவையாகக் கேட்டபோது சென்னியப்பன் “வீட்டுல இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு, அது பொய்யில்லை என்று தமக்குத் தாமே வாதாடவும் ஆரம்பித்துவிட்டார். ஜோடி ஒரு வீட்டில்தான் இருக்கிறது. சிங்காநல்லூரில், தம்பி குழந்தைவேலுவின் வீட்டில். யார் வீடு என்று இந்த அம்மா கேட்கவில்லை. கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லப் போனால் ரிப்பேர் கடையில் பாகப்பிரிவினைப் பத்திரத்தை அல்லவா பிரித்துப் படிக்க வேண்டியிருக்கும்? ரெஜினா புடவைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, ஸ்பீக்கரின் காகிதக் கோனை இரண்டு விரலால் உள்ளே அழுத்தி, பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள். “உள்ள கம்பி சுத்துன காயில் நல்லாருக்குது. மேக்னெட்டு கல்லாட்டம் இருக்குது. கோனைச் சுத்தி இந்த ஃபோம் வளையம் இருக்குது பாருங்க, அதுதான் உளுத்துப்போச்சு. நாப்பது வருசத்துக்கு அதுதான் என்னங்க பண்ணும்? வளையத்தை மாத்துனா இன்னும் இருவது வருசம் பேசும்.” “அப்ப ரிப்பேர் பண்றது பிரயோசனந்தானுங்க?” “ஜோடியோட வந்தா பிரயோசனம். ஒத்தையா வந்தா நான் தொடமாட்டனுங்க.” “ஏனுங்க?” “ஒரு கால் செருப்பை மட்டும் கொண்டு போயித் தெச்சுக் குடுன்னு கேப்பீங்களா? இதுல புது வளையம், அதுல பழைய வளையம்னா ஒண்ணு கத்தும், ஒண்ணு முக்கும். அடுத்த வாரமே வந்து ரெஜினா கெடுத்துட்டாம்பீங்க. வீடு எங்க?” “பக்கந்தானுங்க.” “அப்பறமென்ன? போயி எடுத்துட்டு வாங்க. நான் சாப்பிட்டுட்டு வந்தர்றேன்.” ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய்விட்டாள். டிபன் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. மணி ஒன்றரை. காந்திபுரத்துச் சந்துக்குள் வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்தபடியே, எதிரே வாயைப் பிளந்துகொண்டு நின்ற ஸ்பீக்கரைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

பக்கந்தானுங்க என்று ஏன் சொல்ல வேண்டும், தூரம் என்றால் இந்த அம்மா மனம் இளகி ஒத்தையையே பண்ணிக் கொடுத்திருக்கலாம், சேலம் என்று சொல்லியிருக்கலாம், சேலமென்றால் பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள் என்பாள், டெல்லி என்றால்? டெல்லியில் ஒன்று கோயமுத்தூரில் ஒன்று என்று எந்தக் கிறுக்கன் ஸ்பீக்கர் வைத்திருப்பான் என்று கேட்பாள், கேட்டால் என்ன சொல்வது, வடவள்ளியில் ஒன்று சிங்காநல்லூரில் ஒன்று என்று இரண்டு கிறுக்கன்கள் வைத்திருக்கிறோம் அம்மா, பதினோரு வருஷமாக. வளையத்தைத் தொட்டுப் பார்த்ததில் விரலெல்லாம் கருப்பாக ஒட்டியது. உளுத்த ஃபோம் தூளாகவும் இல்லை, பசையாகவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எதுவோ. வேட்டியில் துடைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வேட்டியில் துடைத்தார். வசந்தாமணி பார்த்தால் தொலைந்தது. காலையில் அவள் சொன்னது இவ்வளவுதான்: “அந்தப் பழைய சாமான்காரன் ஞாயித்துக்கெழமை வர்றான். இந்தப் பொட்டியை எடுத்துப் போட்டுரட்டுங்களா?” போட்டுரட்டுங்களா என்று அவள் கேட்டால் அது கேள்வி இல்லை என்பது முப்பத்தாறு வருஷத்துக் கல்யாண அனுபவம். புனேயிலிருந்து பையன் சோப்பு டப்பா அளவில் ஒரு ஆம்ப்ளிபையர் வாங்கி அனுப்பியிருந்தான், பொழுது போகட்டுமென்று. அதைப் போன வாரம் மாட்டிப் பார்த்தபோது ஸ்பீக்கரிலிருந்து சளி பிடித்த எருமை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “உசுரு இருக்குதுங்களா அதுக்கு?” என்றாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை. பதினோரு வருஷமாக அந்தப் பெட்டிமேல் முதலில் லேண்ட்லைன் ஃபோன் இருந்தது. ஃபோன் போன பிறகு ஃபோனின் பூ வேலை செய்த துணி மட்டும் இருந்தது. அப்புறம் இஸ்திரிக்குப் போகிற துணி. ஆனால் ஆயுத பூஜைக்கு மட்டும் துணியை எடுத்துவிட்டுத் துடைத்துச் சந்தனம் வைத்துவிடுவார். ஏன் வைக்கிறீர்கள் என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கட்டில், பீரோவுக்கெல்லாம் வைக்கவில்லையா என்று சொல்வதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. பதினோரு வருஷமாக அந்தப் பதில் உபயோகப்படாமலேயே கிடக்கிறது.

நாற்பது வருஷம் முன்னால் இதை வாங்கியபோது அவருக்கு இருபத்துநாலு வயது, பம்பு செட் கம்பெனியில் டிராயிங் போடுகிறவர். தம்பிக்கு இருபது, லேத்துப் பட்டறையில் வேலை. தம்பிக்குக் குழந்தைவேலு என்று பெயர் வைத்த அப்பா, அவன் என்றைக்காவது வளருவான் என்று யோசிக்கவே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் அவன் கொழந்தை. பட்டறையில் சம்பளம் வாங்கியபோதும் கொழந்தை, மீசை வந்தபோதும் கொழந்தை, இப்போது தலை முழுக்க வழுக்கை, அதுவும் கொழந்தை. மில்லில் பெரிய வேலையில் இருந்த ஒருத்தர் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போகும்போது விற்றார். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி போட்டார்கள். மொபெட்டில் அண்ணன் ஓட்ட, தம்பி பின்னால் உட்கார்ந்து பெட்டியைக் கட்டிக்கொள்ள, இரண்டு நடை. இரண்டாம் நடையில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி என்னடா இது என்றார். ஸ்பீக்கருங்க சார். எந்தக் கட்சிக்கூட்டம்? கூட்டமில்லைங்க, பாட்டுக் கேக்கறதுக்கு. பாட்டுக் கேட்க இத்தனை பெரிய பெட்டியா என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பின்பக்கத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னார். தம்பி சாலையோரத்தில் உட்கார்ந்து திருப்புளியால் எட்டு ஸ்க்ரூவைக் கழற்ற, போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு “ஒண்ணுமே இல்லையே” என்று ஏமாந்து போனார். அம்மாவும் அதையேதான் சொன்னாள். “உள்ள ஒண்ணுமில்லாத பொட்டிக்கா ரெண்டு பேரும் இப்படி வேர்த்து ஊத்தறீங்க?” அதற்கப்புறம் நடந்ததைத்தான் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. சென்னியப்பன் டேப் பிடித்து அளந்து, இரண்டு பெட்டிக்கும் நடுவே தரையில் சாக்பீஸால் சென்டர் லைன் போட்டு, லைன் மேல் ஒரு நாற்காலியைப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் பாடுகிறவள் இடது பெட்டியிலும் இல்லை, வலது பெட்டியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத சுவரில், மாட்டுத் தீவனக் கம்பெனிக் காலண்டருக்குப் பக்கத்தில் நின்று பாடினாள். மூச்சு இழுப்பது தெரிந்தது. கை நீட்டினால் வளையலில் பட்டுவிடும் போலிருந்தது. கொழந்தை எழுந்து போய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தான். நாற்காலி ஒன்றுதான். அரை அடி தள்ளி உட்கார்ந்தாலும் அவள் காலண்டரை விட்டு நகர்ந்து ஏதாவதொரு பெட்டிக்குள் போய்விடுவாள். அதனால் கேசட்டின் முதல் பக்கம் அண்ணனுக்கு, இரண்டாம் பக்கம் தம்பிக்கு என்று முறை வைத்தார்கள். நல்ல பாட்டாக இருந்தால் முறை தாங்காது. ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக ஒண்டிக்கொள்வார்கள். அப்போது இரண்டு பேருக்குமே சென்டர் கிடைக்காது. அண்ணனுக்கு அவள் ஒரு பக்கம் தள்ளி நிற்பாள், தம்பிக்கு மறுபக்கம். இருந்தாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

தடுப்புக்குப் பின்னால் ரெஜினா யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். “ரசத்துல உப்பே இல்லடி” என்றாள். உப்பு என்றதும் மாமன் பொன்னுச்சாமி நினைவுக்கு வந்தார். பாகப்பிரிவினையன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டில் உப்புக் குறைவென்று இலையிலிருந்து எழுந்தவர் அவர். அம்மா போய் வருஷம் திரும்பியதும் வீட்டை விற்றுச் சாமான்களைப் பிரித்தார்கள். சண்டை சச்சரவு இல்லை. அதுதான் விசேஷம். எல்லோரும் மெச்சும்படி பிரித்தார்கள். கட்டில் இரண்டு, ஆளுக்கு ஒன்று. அண்டா இரண்டு, ஆளுக்கு ஒன்று. பங்கு பிரித்த மாமன் ஹாலுக்கு வந்தார், பெட்டிகளைப் பார்த்தார், “இதுவும் ரெண்டு இருக்குது. ஆளுக்கு ஒண்ணு. இதுலென்ன சோலி?” என்று அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஆம்ப்ளிபையர் ஒன்றுதான் இருந்தது, ஒன்று இருந்தால் அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் வரும் என்று பெருந்தன்மையாக அதைத் தாமே எடுத்துக்கொண்டார். அடுத்த மாரியம்மன் நோன்பிக்கு அதில் எட்டுக் குழாய் ஹாரனை மாட்டிப் புகைய வைத்தும்விட்டார். மாமா, அது இரண்டு பொருள் இல்லை, ஒரு பொருள், இரண்டு பெட்டியில் இருக்கிறது, அவ்வளவுதான், என்று சென்னியப்பன் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் அந்த ஒன்று யாருக்கு? அதனால் கொழந்தை சொல்லட்டும் என்று காத்திருந்தார். ரெண்டையும் நீயே வெச்சுக்கோண்ணா. அவ்வளவுதான். அவன் அப்படிச் சொல்லியிருந்தால் இவர், அட வேண்டாம்டா, நீ வெச்சுக்கோ என்றிருப்பார். இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவை எடுத்துக்கொண்டிருப்பார், அல்லது கொடுத்துவிட்டிருப்பார், அது வேறு விஷயம். ஆனால் அவன் சொல்லவில்லை. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எதற்குப் பார்த்தான்? அன்றைக்கும் சரி, அப்புறம் ஆறு மாதமும் சரி, சென்னியப்பனுக்கு அது திமிராகத்தான் தெரிந்தது. ஏழாவது மாதம் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அவனும் அதே ஒரு வார்த்தைக்காகத்தான் பார்த்துக்கொண்டு நின்றானோ என்று தோன்றி, பேஸ்ட்டை விழுங்கிவிட்டார். ஆனால் ஏழாவது மாதத்தில் என்ன செய்வது? அதற்குள் ஒரு கல்யாணத்துக்கு அவன் வரவில்லை, ஒரு காதுகுத்துக்கு இவர் போகவில்லை. பேசாமலிருப்பது பழகிவிட்டது, காலுக்குப் படிந்த செருப்பு மாதிரி. சே, மறுபடியும் செருப்பு. இந்த அம்மா எதற்கு அந்த உதாரணத்தைச் சொல்லித் தொலைத்தாளோ.

விசேஷங்களில் பார்த்துக்கொண்டதுண்டு. மண்டபத்தில் இவர் மேற்கே உட்கார்ந்தால் அவன் கிழக்கே. ஒரு தடவை கை கழுவுகிற இடத்தில் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். குழாய் ஒன்றுதான் இருந்தது. கொழந்தை விலகி நின்றான். இவர் கழுவினார். சோப்பு இல்லை. “சோப்பு இல்லை” என்று குழாயைப் பார்த்துச் சொன்னார். அதைப் பேசியதாகக் கணக்கில் சேர்க்கலாமா என்று வீடு வரும்வரை யோசித்தார். குழாயிடம் சொன்னது சேராது என்று முடிவாயிற்று. இதெல்லாம் பரவாயில்லை. போன மாதம் குளித்துக்கொண்டிருக்கும்போது வந்த நினைப்புதான் மோசம். முதுகில் தண்ணீர் ஊற்றுகிறபோது, ஜோடி மறுபடி சேர்வதற்கு இனி ஒரே ஒரு வழிதான் உண்டு என்று சும்மா, கணக்குப் போடுகிற மாதிரி தோன்றியது. சிங்காநல்லூரிலிருந்து யாரோ கூப்பிடுவார்கள். கொழந்தையாக இருக்காது. இவர் மாலையை வாங்கிக்கொண்டு போவார். எல்லாம் முடிந்த பிறகு அவன் மகள், பெரியப்பா இந்தப் பொட்டி எங்களுக்கு எதுக்குங்க, நீங்களே எடுத்துட்டுப் போங்க என்பாள். இவர் ஆட்டோவில் வைத்து எடுத்துக்கொண்டு வருவார். சென்னியப்பன் சொம்பைக் கீழே போட்டுவிட்டார். “என்னங்க ஆச்சு?” என்று வசந்தாமணி கதவைத் தட்டினாள். “சோப்பு வழுக்குது” என்றார். பாவி, தம்பியைக் குளியலறையில் வைத்துக் கொன்றுவிட்டாயே, அதுவும் ஒரு பெட்டிக்காக. பரிகாரமாக மாற்றி நினைத்துப் பார்க்கலாம் என்று, சரி, நான் முதலில் போகிறேன், அவன் மாலையோடு வருகிறான், வசந்தாமணி இதை அவனிடம் கொடுக்கிறாள், அவன் ஆட்டோவில் வைத்துக்கொண்டு போகிறான் என்று நினைத்தார். அதில் தர்மம் இருக்கிற மாதிரிதான் இருந்தது, அவன் இரண்டையும் வைத்து, நடுவில் நாற்காலியைப் போட்டு, முழு நாற்காலியிலும் காலை அகட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக உட்கார்கிற இடம் வரைக்கும். அந்த இடம் வந்ததும் சென்னியப்பனுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சாகக்கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டு துண்டை எடுத்தார்.

ஆக, ஃபோன் பண்ணித்தான் ஆகவேண்டும். பண்ணாவிட்டால் இதைத் தூக்கிக்கொண்டு வடவள்ளிக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்காரன். ரெஜினா இப்போது தட்டைக் கழுவினாள், இன்னும் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவாள், வந்து, இன்னும் போகலைங்களா என்பாள். சரி, என்னவென்று ஆரம்பிப்பது? ஹலோ, சென்னியப்பன் பேசறேன். எல்.ஐ.சி. ஏஜெண்டு மாதிரி இருக்கிறது. கொழந்தை, அண்ணன் பேசறேன். அழுகிற மாதிரி இருக்கிறது, அவன் பயந்துவிடுவான், யார் போய்விட்டார்கள் என்பான். என்னப்பா, சௌக்கியமா? பதினோரு வருஷம் கழித்துச் சௌக்கியமா என்றால் அடிக்கலாமா என்று தோன்றும். நேராக விஷயத்துக்கு வந்துவிடலாம்: ஒரு தொழில்நுட்ப விஷயமாகப் பேசுகிறேன். ஆமாம், அதுதான் சரி, கோபதாபம் எதுவும் இல்லை, ஃபோம் சம்பந்தமான விஷயம். நெற்றியைத் துடைத்துக்கொண்டார், நெற்றியிலும் கருப்பு ஒட்டியது. ஃபோனை எடுத்துப் பெயரைத் தேடினார். கு இல்லை. கொ இல்லை. தம்பி என்று பிளம்பர் ஒருத்தன்தான் இருந்தான். மூன்று ஃபோன் மாற்றியாயிற்று, எந்த ஃபோனிலிருந்து எந்த ஃபோனுக்கு வரும்போது கொழந்தை விழுந்தானோ. சென்னியப்பனுக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. நம்பர் இல்லையென்றால் நாம் என்ன செய்ய முடியும்? ஆனால் கை அதற்குள் வசந்தாமணியைக் கூப்பிட்டுவிட்டது.

“கொழந்தை நம்பரு எங்காவது எழுதி வெச்சிருக்கறயா?” என்று, தடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டே ரகசியமாகக் கேட்டார். “அந்தப் பழைய டைரியில…” “எழுதிக்கறீங்களா?” என்று அவள் பத்து நம்பரையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். சென்னியப்பன் எழுதவில்லை. “உனக்கெப்படி மனப்பாடம்?” “தெனமும் பேசறவளுக்கு மனப்பாடம் ஆகாதுங்களா?” “தெனமுமா? ஆரு கூட?” “கொழுந்தனாரு வீட்டுல, பூங்கொடி கூடத்தான். நீங்க கடைக்குப் போற நேரத்துல. சில நாளைக்குக் கொழுந்தனாரும் பேசுவாரு.” “எத்தனை நாளா?” “எத்தனை நாளாவா? எப்பவுந்தான். சண்டை உங்க ரெண்டு பேருக்குத்தானுங்க. எங்களுக்கென்ன வந்துச்சு?” பதினோரு வருஷமாக அவர் கட்டிக் காத்த மௌனம், கோட்டைச் சுவர் மாதிரி நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த மௌனம், அதன் அடியில் தினமும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே போய்வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். “அப்ப என்னைப் பத்தி…” “எல்லாந் தெரியும். போன வாரம் வயித்துப்போக்கு வந்துச்சே, கொழுந்தனாருதான் மாதுளந்தோல் கசாயம் வெச்சுக் குடுக்கச் சொன்னாரு.” “அதை நீ டாக்டரு சொன்னாருன்னு சொன்னே!” “அவரு சொன்னாருன்னா குடிச்சிருப்பீங்களா?” வருஷா வருஷம் சித்திரையில் ஒரு கூடை மாம்பழம் வருமே, ஆர்.எஸ்.புரத்துக் கடையில் வாங்கியதென்பாளே, நார் இல்லாத பழம், கோயமுத்தூர் முழுக்க இப்படி ஒரு பழம் கிடைக்காது என்று இவர் கையை நக்கிக்கொண்டு சொல்வாரே. கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். “அவன்ற ஸ்பீக்கரு இருக்குதா, போட்டுட்டானா?” என்று மட்டும் கேட்டார். “இருக்குது, இருக்குது. மேல மீன் தொட்டி வெச்சிருக்கறாங்க. பூங்கொடி எடுத்துப் போடறேன்னு சொன்னதுக்கு ரெண்டு நாள் சோறு உங்காம இருந்தாராமா. உங்களாட்டமேதான். நம்பரு எழுதிட்டீங்களா, மறுக்காச் சொல்லட்டுங்களா?”

நம்பரைப் போட்டார். சிங்காநல்லூரில் மணி அடித்தது. ஒன்று, இரண்டு. எடுக்காவிட்டால் நல்லது. மூன்று. எடுத்துவிட்டால் தொழில்நுட்ப விஷயம். நான்கு.

“சொல்லுண்ணா” என்றான் கொழந்தை.

நேற்றுச் சாயங்காலம் பேசி வைத்த மாதிரி. அண்ணன் நம்பர் அவனிடம் இருந்திருக்கிறது, பெயரோடு இருந்திருக்கிறது. சென்னியப்பனுக்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் கலைந்துவிட்டது. “ஸ்பீக்கரு மேல மீன் தொட்டி வெச்சிருக்கறயாமா?” என்று அதட்டலாகத்தான் வாயில் வந்தது. “பெட்டி ஈரம் பட்டு ஊதிப் போகாதாடா?”

“கீழ ரப்பர் ஷீட்டுப் போட்டிருக்கறேன்” என்று அவனும் விறைப்பாகவே சொன்னான். “நீ இஸ்திரித் துணி போடலையா? ஆரும் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சியா?”

“துணியில ஈரம் இல்லை. ஃபோம் என்னாச்சு உன்றதுல?”

“அது போயிப் பல வருசமாச்சு.”

“என்றது போன வருசந்தான் போச்சு” என்றார் சென்னியப்பன், தம்மையும் மீறி ஒரு பெருமையோடு. “சரி, இங்க காந்திபுரத்துல ஒரு ரிப்பேர் கடையில உக்காந்திருக்கறேன். வளையம் மாத்தலாமாமா. ஆனா…”

“ரெஜினா கடையா?”

“உனக்கெப்படித் தெரியும்?”

மறுபக்கத்தில் மீன் தொட்டியில் குமிழி விடுகிற சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. “போன ஆடியில எடுத்துட்டு வந்தேன். ஜோடி எங்கன்னு கேட்டுது அந்தம்மா.”

“நீ என்ன சொன்னே?”

“வீட்டுல இருக்குதுன்னேன்.”

சென்னியப்பன் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தார். சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. ஃபோனுக்குள்ளும் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அப்புறம் இரண்டு பேருமே ஏதோ தப்புச் செய்துவிட்டவர்கள் மாதிரி சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். “எடுத்துட்டு வர்றயா?” “மீனை பக்கெட்டுக்கு மாத்தணும். முக்கா மணி நேரமாகும். போயறாதண்ணா.” “நான் எங்கடா போறேன்” என்றார் சென்னியப்பன். ஃபோனை வைத்த பிறகுதான் டா போட்டுப் பேசிவிட்டது உறைத்தது.

அந்த முக்கால் மணி நேரம் ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. ரெஜினா வெளியே வந்து, “எடுக்கப் போகலைங்களா?” என்றாள். “வருதுங்க, தம்பி கொண்டு வர்றான்” என்றார். தம்பி என்ற வார்த்தை சத்தமாக வந்தது, இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார், “தம்பிதானுங்க.” அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு மிக்ஸியைப் பிரிக்க உட்கார்ந்தாள். சென்னியப்பனுக்கு இப்போது புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. மொபெட்டில் கட்டி எடுத்துக்கொண்டு வருகிறானோ, அறுபது வயதில், பின்னால் பிடிக்க ஆளில்லாமல். நான் போயிருக்க வேண்டும். கட்டிப்பிடிக்க வேண்டியது இப்போது நான்தான். வழியில் ஏதாவதொரு பாலத்தில் ஒரு லாரி வந்து, சே, மறுபடியும் அவனைக் கொல்லாதே. சந்து முனையில் ஆட்டோ நின்றது. முதலில் பெட்டி இறங்கியது, அப்புறம் அதைக் கட்டிக்கொண்டு ஒரு வழுக்கைத் தலை. முன்பக்கமெல்லாம் சட்டை ஈரம். தொட்டித் தண்ணீராக இருக்க வேண்டும். சென்னியப்பன் எழுந்து ஓடிப்போய்ப் பெட்டியின் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, பக்கவாட்டில் நடந்து, ஷட்டருக்குக் குனிந்து உள்ளே வந்தார்கள். “நெத்தியில என்னண்ணா கரி?” என்றான் கொழந்தை. “ஃபோம்” என்றார் இவர். அவ்வளவுதான் பேச்சு. ரெஜினா கண்ணாடியை இறக்கி இந்த முகத்தையும் அந்த முகத்தையும் பார்த்தாள். இரண்டு முகத்திலும் ஒரே மூக்கு. “நீங்க ஆடியில வந்தவருதானுங்களே? ஜோடி வீட்டுல இருக்குதுன்னீங்க. இவரும் வீட்டுல இருக்குதுன்னாரு. நான் என்னடான்னா எல்லா வீட்டுலயும் இருக்குதாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்.” அவள் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு கோனையும் மாற்றி மாற்றி அழுத்தினாள். “இது பண்ணலாம்” என்றாள். பிறகு ஒரு அட்டைத் துண்டை எடுத்து நூல் கோத்தாள். “பேரு சொல்லுங்க.”

“சென்னியப்பன்” என்றான் கொழந்தை. “குழந்தைவேலுன்னு எழுதுங்க” என்றார் சென்னியப்பன். ரெஜினா பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். “ஒரு சாமானுக்கு ஒரு பேருதானுங்க எழுத முடியும்.” “அண்ணன் பேரே எழுதுங்க, அவரு வீட்டுலதான் ஹால் பெருசு” என்றான் கொழந்தை. “ஹால் பெருசா இருந்தா? எனக்குக் காது முன்னாடியாட்டம் கேக்கறதில்லை, அவனே வெச்சுக்கட்டும், அவன் பேரு எழுதுங்க.” “இந்த வயசுல என்னத்த வேண்டாங்கறே? பேசாம எடுத்துட்டுப் போ.” “நீ பேசாம இருடா. நான் சொல்றேன், அவன் பேரு எழுதுங்கம்மா.” “எழுதாதீங்க!” சத்தம் கேட்டு எதிர்க் கடையில் பூ கட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து பார்த்தாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்த சென்னியப்பனுக்கு நடுவில் ஒரு விநாடி, இதைத்தானே பதினோரு வருஷம் முன்னால் பண்ணியிருக்க வேண்டும் என்று தோன்றியது. உடனே, அன்றைக்குப் பண்ணியிருந்தால் இவ்வளவு கத்தியிருக்க மாட்டோம், இரண்டாம் தடவையிலேயே ஒத்துக்கொண்டிருப்போம் என்றும் தோன்றியது. இப்போது ஒத்துக்கொள்கிற மாதிரி இல்லை. எத்தனை தடவை சொன்னாலும் இல்லை. ரெஜினா அட்டையில் பெயர் எழுதாமல் “ரெண்டு” என்று மட்டும் எழுதி, இரண்டு பெட்டியின் கைப்பிடியையும் சேர்த்து ஒரே நூலால் முடிச்சுப் போட்டாள்.

“செவ்வாய்க்கெழமை வாங்க. ரெண்டு பேரும் வரோணும். ஒருத்தரா வந்தா குடுக்கமாட்டேன்.”

கொழந்தை விரல் விட்டு எண்ணினான். “இன்னைக்கு வியாழந்தான்.” சென்னியப்பனும் எண்ணிப் பார்த்தார். ஐந்து நாள். ரெஜினாவின் பக்கம் குனிந்து, கொஞ்சம் கெஞ்சுகிற குரலில், “ஏனம்மா, அத்தனை நாளாகுமுங்களா?” என்று கேட்டார்.